பொத்தானை அழுத்தினால் பதில் இல்லையா? கார் சாவி ரிமோட்டைச் சோதித்துப் பார்ப்போம்

கார் சாவியில் இருக்கும் ரிமோட் வேலை செய்யாமல் போனால், “பேட்டரி தீர்ந்திருக்கும்” என்பதுதான் வீட்டில் எழும் முதல் பேச்சு. புது பேட்டரி போட்டும் பலன் இல்லையென்றால், “புதுச் சாவிதான் போட வேண்டும்” என்பது அடுத்த பேச்சு. பேட்டரிக்குச் சில ரிங்கிட் போதும். புதுச் சாவிக்கோ, காரின் வகையைப் பொறுத்துச் சில நூறு ரிங்கிட் ஆகலாம். இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில் நாமே வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஐந்தாறு சோதனைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்து பார்த்த பிறகுதான் பணப்பையைத் திறக்க வேண்டும்.

மாணவர்களே, இதற்கு வேண்டிய அறிவியலில் பெரும்பகுதியை நீங்கள் பள்ளியிலேயே படிக்கிறீர்கள். அதில் முக்கியமான பாடம் தொடக்கப்பள்ளியிலேயே கற்றதுதான்: ஓர் ஆராய்வில் தற்சார்பு மாறி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்றவற்றை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். பேட்டரியையும் மாற்றி, தொடுமுனையையும் தேய்த்து, பொத்தானையும் கழுவிய பின் ரிமோட் வேலை செய்தால், எது பழுதாக இருந்தது என்று தெரியாமலே போய்விடும். அதே பழுது மீண்டும் வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் சோதியுங்கள். கண்டதைக் குறித்து வையுங்கள்.

ஒரு சாவிக்குள் மூன்று சாவிகள்

ரிமோட்டோடு சேர்ந்த சாவி பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் பெரும்பாலான கார்களில் அதற்குள் மூன்று தனித்தனி சாவிகள் இருக்கின்றன.

முதலாவது, உலோகத் தகடு. கதவுப் பூட்டையும் இயந்திரத்தைத் தொடக்கும் பூட்டையும் திருப்புவது இது. இதற்கு மின்சாரமே வேண்டாம்.

இரண்டாவது, ரிமோட். இது ஒரு குட்டி வானொலி நிலையம். பொத்தானை அழுத்தியதும் மின்சுற்றுப் பலகையில் உள்ள சில்லு ஒரு குறியீட்டைத் தயாரித்து வானொலி அலையாக அனுப்புகிறது. காருக்குள் இருக்கும் ஏற்பி அதைக் கேட்டுக் கதவைத் திறக்கிறது. உலகின் பல பகுதிகளில் இதற்கு 433.92 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையும், ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் 315 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையும் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். ஒளியின் வேகத்தை 433.92 மெகாஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர் வரும். அவ்வளவு நீளமான அலையை அனுப்பும் அலைவாங்கி, பலகையின் ஓரத்தில் வளைந்து செல்லும் ஒரு செம்புக் கோடாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சாவியைத் திறக்கும்போது அந்தக் கோட்டைக் கீறிவிடாதீர்கள்.

மூன்றாவது சாவி பலருக்குத் தெரியாது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சில்லு அது. சில சாவிகளில் சிறு கண்ணாடிக் குழாய் போலவும், சிலவற்றில் கறுப்பு நிறச் சிறு துண்டு போலவும் கூட்டுக்குள் தனியாகச் செருகப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் பலகையிலேயே பதிந்திருக்கும். இதற்குப் பேட்டரி தேவையில்லை. சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்னோட்டம் பாய்ந்து மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் இது நடக்கிறது. சில்லுக்குள் இருக்கும் குட்டிச் சுருளில் அந்தக் காந்தப்புலம் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அந்தச் சிறு மின்சாரத்தைக் கொண்டு சில்லு விழித்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்கிறது. அடையாளம் பொருந்தாவிட்டால் இயந்திரம் இயங்காது. படிவம் 5 இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல் இங்கே தினமும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்த மூன்றும் தனித்தனி என்று தெரிந்தாலே ஒரு பெரிய குழப்பம் தீரும். “ரிமோட் வேலை செய்யவில்லை, ஆனால் கார் ஓடுகிறதே!” என்று சிலர் வியப்பார்கள். இதில் வியப்பில்லை. வானொலி நிலையம் மட்டும் நின்றுவிட்டது, மற்ற இரண்டும் நலமாக இருக்கின்றன என்பதே பொருள். பொத்தானைத் தட்டி இயந்திரத்தைத் தொடக்கும் ‘ஸ்மார்ட்’ சாவிகளிலும் இதே ஏற்பாடுதான். பேட்டரி தீர்ந்துபோனால், பல கார்களில் சாவியை அந்தத் தொடக்கப் பொத்தானுக்கு அருகிலேயே வைத்து இயந்திரத்தைத் தொடக்கலாம். கதவைத் திறக்க அவசரத் தகடு ஒன்று சாவிக்குள் ஒளிந்திருக்கும்.

பழுது சாவியிலா, காரிலா?

திருகுளியைக் கையில் எடுக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள். வீட்டில் மாற்றுச் சாவி இருந்தால் விடை எளிது. அது கதவைத் திறந்தால், காரின் ஏற்பி நன்றாக இருக்கிறது. பழுது முதல் சாவியில்தான். இரண்டு சாவிகளும் ஒரே நாளில் செயலிழந்தால் காரின் பேட்டரி, ஃபியூஸ், ஏற்பி ஆகியவற்றின் மீது சந்தேகம் வர வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டு ஆட்டோகேட் ரிமோட்டுகள் பலவும் இதே அதிர்வெண்ணில் இயங்குகின்றன. அக்கம்பக்கத்தில் ஏதோ ஒரு ரிமோட்டின் பொத்தான் சிக்கிக்கொண்டு ஓயாமல் அலையை அனுப்பிக்கொண்டிருந்தால், உங்கள் சாவியின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். காரை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் அழுத்திப் பாருங்கள். அங்கே கதவு திறந்தால் சாவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

தொலைக்காட்சி ரிமோட்டைக் கைப்பேசியின் கேமரா முன் பிடித்து, விளக்கு மின்னுகிறதா என்று பார்க்கும் வழி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அது அகச்சிவப்பு ஒளியை அனுப்பும் ரிமோட்டுக்கே பொருந்தும். இன்றைய கார் சாவி அனுப்புவது வானொலி அலை. எந்தக் கேமராவுக்கும் அது தெரியாது. சாவியில் இருக்கும் சிவப்பு விளக்கு எரிவதாலும் அலை வெளியேறுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விளக்கு எரிந்தால் பேட்டரியிலும் பொத்தானிலும் கொஞ்சமாவது உயிர் இருக்கிறது என்று மட்டும் கொள்ளலாம்.

திறக்கும் முன் ஓர் எச்சரிக்கை

சாவிக்குள் இருப்பது நாணயம் போன்ற லித்தியம் மின்கலம். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக் கூடாத பகுதி இதுதான்.

குழந்தை இதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரம் இரு முனைகளையும் இணைத்து மின்சுற்றாகிவிடும். மின்னாற்பகுப்பு நடந்து, எதிர்முனைப் பக்கத்தில் கடுங்காரம் உண்டாகும். வீட்டுக் குழாய் அடைப்பை நீக்கும் பொருளில் இருப்பதும் அத்தகைய காரம்தான். அது இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாக அரித்துவிடக்கூடும். ரிமோட்டுக்குப் போதாத பழைய மின்கலத்திலும் இந்தக் கேட்டைச் செய்யும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். எனவே தரையில் அமர்ந்து சாவியைத் திறக்காதீர்கள். மேசைமேல் ஒரு தட்டு வைத்து, அதற்குள் வேலை செய்யுங்கள். கழற்றிய மின்கலத்தின் இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி, எட்டாத இடத்தில் வையுங்கள். பிறகு மின்கலம் சேகரிக்கும் பெட்டியில் போடுங்கள். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே போதும், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாந்தி எடுக்க வைக்க முயலக் கூடாது.

3 வோல்ட் காட்டும், ஆனாலும் ஏமாற்றும்

சாவிக் கூட்டின் ஓரத்தில் சிறு பள்ளம் ஒன்று இருக்கும். தட்டையான திருகுளியின் நுனியில் துணியைச் சுற்றி, அங்கே மெதுவாக நெம்புங்கள். மின்கலத்தை எடுக்கும் முன், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்கலத்தின் மேல் சிஆர்2032 என்பது போல எழுதியிருக்கும். இதில் ‘சி’ அதன் வேதியியல் வகையையும், ‘ஆர்’ வட்ட வடிவத்தையும் குறிக்கின்றன. 20 என்பது 20 மில்லிமீட்டர் விட்டம். 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. அப்படியானால் சிஆர்2025 என்பது 2.5 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. இரண்டும் 3 வோல்ட்தான், விட்டமும் ஒன்றுதான். ஆனால் 2032 இருக்க வேண்டிய இடத்தில் 2025 போட்டால் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி விழும். சாவியை ஆட்டும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். “புது பேட்டரி போட்டும் சரியாகவில்லை” என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் அளவில் வைத்து மின்கலத்தை அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். பழையதும் 2.9 காட்டலாம். அதைக் கண்டு, “நன்றாகத்தானே இருக்கிறது” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மல்டிமீட்டர் மின்கலத்திலிருந்து ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. சும்மா நிற்பவரைப் பார்த்து அவர் எவ்வளவு சுமை தூக்குவார் என்று சொல்ல முடியுமா? சுமையை ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மின்கலத்துக்குள்ளும் அக மின்தடை இருக்கிறது. பள்ளியில் ‘ரிந்தாங்கான் டாலாம்’ என்று படிப்பீர்களே, அதுதான். மின்கலம் பழசாக ஆக இது கூடும். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: மின்னியக்கு விசை 2.9 வோல்ட், அக மின்தடை 100 ஓம், ரிமோட் அலையை அனுப்பும்போது எடுக்கும் மின்னோட்டம் 10 மில்லிஆம்பியர், அதாவது 0.01 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளேயே இழக்கும் அழுத்தம் 0.01 × 100 = 1 வோல்ட். சில்லுக்குக் கிடைப்பது 1.9 வோல்ட் மட்டும். அதற்குப் போதவில்லை என்றால் அது வாயைத் திறக்காது. அக மின்தடை 15 ஓம் மட்டுமே உள்ள மின்கலத்தில் இழப்பு வெறும் 0.15 வோல்ட்.

ஆகவே மின்கலத்தைப் பலகையில் பொருத்தி, மல்டிமீட்டரின் முனைகளை அதன் இரு பக்கத் தொடுமுனைகளில் வைத்து, பொத்தானை ஓரிரு விநாடி அழுத்திப் பிடியுங்கள். எண் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்கலத்தை மாற்றிவிடுவதே நல்லது. இறங்காமல் 2.9-இலேயே நின்றால் இரண்டில் ஒன்று: மின்கலம் நன்றாக இருக்கிறது, அல்லது பொத்தானை அழுத்தியும் சுற்று மூடவே இல்லை. எது என்பதை அடுத்த சோதனைகள் சொல்லும்.

தொடுமுனையும் வியர்வையும்

மின்கலத்தைப் பிடித்திருக்கும் மெல்லிய உலோக நாக்குகளைக் கவனியுங்கள். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சாவி எப்போதும் கையிலோ காற்சட்டைப் பையிலோ இருக்கிறது. வியர்வையில் உள்ள உப்பு மெல்ல உள்ளே நுழைந்து உலோகத்தை அரிக்கும். பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால், பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேயுங்கள். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். நாக்கு தளர்ந்து மின்கலத்தைத் தொடாமல் இருந்தால், குறடால் மிகச் சிறிதளவு வளைத்துவிடுங்கள். பலமாக வளைத்தால் ஒடிந்துவிடும்.

பொத்தானின் கதை

நம் விரல் அழுத்துவது ரப்பர் உறையை. அதற்குக் கீழே பலகையில் ஒரு சிறிய சதுர விசை இருக்கிறது. அதற்குள் இருக்கும் கவிழ்த்த கிண்ணம் போன்ற உலோகத் தகடு அமுங்கும்போது ‘டிக்’ என்ற ஒலி கேட்கும். ரப்பர் கிழிந்தோ தேய்ந்தோ போனால் விரலின் அழுத்தம் விசைக்குப் போய்ச் சேராது. சோதனை எளிது. பலகையை மட்டும் வெளியே எடுத்து, மின்கலத்தை அதன் இடத்தில் பிடித்துக்கொண்டு, விசையைப் பல்குச்சியால் நேரடியாக அழுத்துங்கள். கார் கதவு திறந்தால் மின்சுற்றில் பழுதே இல்லை. உங்களுக்கு வேண்டியது வெறும் கூடுதான். காலிக் கூடுகள் இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன.

கூட்டை மாற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பழைய கூட்டுக்குள் இம்மொபிலைசர் சில்லு தனியாகச் செருகப்பட்டிருக்கலாம். அதை எடுத்துப் புதுக் கூட்டில் வைக்காவிட்டால், கதவு திறக்கும், ஆனால் இயந்திரம் இயங்காது. புதுக் கூட்டில் வைத்துச் சோதித்து முடியும் வரை பழைய கூட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பல்குச்சியால் அழுத்தியும் பதில் இல்லையென்றால் மின்கலத்தை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வையுங்கள். பெரும்பாலான விசைகளுக்கு நான்கு கால்கள் உண்டு. அவை இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்திருக்கும். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கால்களில் முனைகளை வைத்து விசையை அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் ‘பீப்’ ஒலி வந்தால் விசை நலம். அழுத்தியும் ஒலி வராவிட்டால் விசை போய்விட்டது.

அடுத்து, முனைகளைக் கால்களில் வைக்காமல், கால்களைத் தாண்டிச் செல்லும் செம்புக் கோடுகளில் வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். கால்களில் ஒலித்தது இங்கே ஒலிக்கவில்லையா? இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஈயப் பற்றவைப்பு மட்டும்தான். ஆயிரக்கணக்கான முறை அழுத்தியதால் அதில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்திருக்கிறது. பொத்தானைச் சாய்த்து அழுத்தினால் மட்டும் வேலை செய்யும் சாவிகளில் இது அடிக்கடி காணப்படும் பழுது.

ஆர்.பி.டி. பாடத்திலோ ரோபோட்டிக் கழகத்திலோ பற்றவைத்துப் பழகியவர்கள், பெரியவர் ஒருவர் உடனிருக்க, இதைச் சரிசெய்யலாம். முதலில் மின்கலம் வெளியே இருக்க வேண்டும். சூடுபட்டால் லித்தியம் மின்கலம் வெடிக்கக்கூடும். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு ஈயமும் கலந்த பற்றவைப்புக் கம்பி 183 பாகை செல்சியசில் உருகும். ஈயம் கலவாத வகைகள் பலவும் 217 பாகையை ஒட்டி உருகும். சூடான நுனியை இணைப்பில் இரண்டு மூன்று விநாடி வைத்து, சிறிது புதுக் கம்பியைத் தொடுங்கள். பழையதும் புதியதும் ஒன்றாக உருகிப் பளபளத்ததும் நுனியை எடுத்துவிடுங்கள். புகையை முகராதீர்கள். முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

துவைக்கும் இயந்திரத்துக்குள் போன சாவி

காற்சட்டைப் பையோடு சாவியும் துவைக்கப்படுவது பல வீடுகளில் நடப்பதுதான். அப்போது பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சவர்க்காரம் கலந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்கலம் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மின்னாற்பகுப்பு நடந்து செம்புக் கோடுகள் அரிபடும். உடனே திறந்து மின்கலத்தை எடுங்கள். பலகையைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஆல்கஹாலால் துடைத்து, காற்றாடியின் முன் ஒரு நாள் முழுதும் வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதைவிட ஓடும் காற்றே நன்றாக உலர்த்தும். அரிசி மாவும் தூசும் உள்ளே புகுவதும் மிச்சம்.

விளையாட்டாக அழுத்தக் கூடாது, ஏன்?

ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பினால், திருடன் அதைப் பதிவுசெய்து பிறகு ஒலிபரப்பியே கதவைத் திறந்துவிடுவான். அதைத் தடுக்கவே மாறும் குறியீட்டு முறை வந்தது. 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிய கீலாக் என்ற முறை இதில் பெயர் பெற்றது. சாவிக்குள் ஓர் எண்ணி இருக்கும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அது ஒன்று கூடும். அந்த எண் மறைகுறியாக மாற்றி அனுப்பப்படும். காரும் கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்திருக்கும். பழைய எண் வந்தால் ஏற்காது. அடுத்து வரும் எண்களில் ஓர் எல்லைக்குள் இருந்தால் ஏற்கும். கீலாக்கில் வழக்கமாக அந்த எல்லை 16.

கார் கேட்காத தூரத்தில் தம்பி சாவியை வைத்து விளையாடி நூறு முறை அழுத்திவிட்டால், சாவியின் எண் காரை முந்திப் போய்விடும். கீலாக் போன்ற முறைகளில் காரின் அருகில் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால், கார் புதிய எண்ணோடு ஒத்துப்போகும். வேறு சில கார்களுக்கு வேறு வழிமுறை உண்டு. அது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். நீங்கள் சோதனை செய்யும்போதும் தேவைக்கு மேல் அழுத்தாதீர்கள்.

எந்த இடத்தில் நிறுத்துவது?

மின்கலம், தொடுமுனை, ரப்பர், விசை, பற்றவைப்பு ஆகிய ஐந்தும் சரியாக இருந்தும் கதவு திறக்கவில்லையா? சாவி கீழே விழுந்து, அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் சிறு உறுப்பு விரிசல் கண்டிருக்கலாம். சில்லு கெட்டிருக்கலாம். இவற்றுக்குத் தனிக் கருவிகள் வேண்டும். இம்மொபிலைசர் சில்லைக் காருக்கு அறிமுகப்படுத்துவதும் வீட்டில் ஆகிற காரியமில்லை. இணையத்தில் முழு ரிமோட்டாக வாங்க நினைப்பவர்கள், அதன் அதிர்வெண் தங்கள் காரின் அதிர்வெண்ணோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 433.92-க்குக் காது கொடுக்கும் கார் 315-ஐக் கேட்காது.

அப்படிச் சாவிக் கடைக்குப் போக நேர்ந்தாலும் உங்கள் உழைப்பு வீணாகிவிடாது. “சாவி வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொல்பவரிடம் கடைக்காரர் புதுச் சாவியைத்தான் முதலில் காட்டுவார். நீங்களோ, “இயந்திரம் இயங்குகிறது. மாற்றுச் சாவி கதவைத் திறக்கிறது. அழுத்தும்போது மின்கலம் 2.8 வோல்ட் தருகிறது. விசைகள் மூன்றும் நன்றாக இருக்கின்றன” என்று குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். பழுது எங்கே இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்பா அம்மா கொடுக்கப்போகும் பணம் அனுமானத்துக்குப் போகாமல் உண்மையான பழுதுக்குப் போகும்.